இடப்பக்கம் முள் எழாத நாள்

போன மாதம் உங்கள் லேபுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் மிகவும் நொந்துபோய் என்னிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல போட்டா எல்லாம் சரியா வருது மேடம், அளந்தாதான் வரல. போன வாரம் வரைக்கும் வந்துச்சு. நடுவுல ஒண்ணும் மாறல." கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையில் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவர் பெயரைச் சொல்லமாட்டேன். என் முகம் போன போக்கிலேயே என் கோபம் பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் கோபத்துக்கு அவர் காரணமில்லை. அதே வார்த்தையை வேறொருத்தி வாயிலிருந்து கேட்டு, ஒரு பகல் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றவள் நான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு என் கோபம் நியாயமா இல்லையா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காஞ்சிபுரத்துக்கு வெளியே, வாலாஜாபாத் போகிற வழியில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் மைக்ரோவேவ் லேப் என் பொறுப்பில் இருந்தது. மெட்டாமெட்டீரியல் என்ற சொல்லை இன்றைக்கு நீங்கள் டீ, காபி மாதிரி புழங்குகிறீர்கள். அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

சண்டை எதற்கு என்று புதியவர்களுக்குச் சொல்லவேண்டும். டம்ளர் தண்ணீரில் ஸ்பூனைப் போட்டால் உடைந்த மாதிரி தெரிகிறதே, அது ஒளி தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையில் திரும்புவதால். கண்ணாடியோ, மெழுகோ, வைரமோ, எதுவானாலும் அலையை ஒரே பக்கமாகத்தான் திருப்பும். கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் திருப்புகிற பொருள், அதாவது ஒளிவிலகல் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகிற பொருள், இயற்கையில் கிடையாது. ஆனால் செய்துகொள்ளலாம் என்று கணக்கு சொன்னது. சர்க்யூட் அட்டையில் ஒரு பக்கம் பொடிப்பொடியாகப் பிளவு விட்ட செம்பு வளையங்கள், மறுபக்கம் செம்புக் கோடுகள். அந்த மாதிரி அட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து அடுக்கினால், வளையத்தைவிட நீளமான மைக்ரோவேவ் அலைக்கு வளையம் தனியாகத் தெரியாது. சிவப்புப் பாவும் பச்சை ஊடையும் போட்ட சேலையைத் தள்ளி நின்று பார்த்தால் இழை தெரியாமல் புதிதாக ஒரு நிறம் தெரியுமே, அது போல அலைக்கு அது ஒரே பொருளாகத் தெரியும். அந்தப் பொருள் அலையைத் தப்பான பக்கம் திருப்பும்.

அது நடந்தால் என்னென்ன வரும் என்று அப்போதே பட்டியல் போட்டுவிட்டார்கள். வளைவே இல்லாத தட்டையான லென்ஸ், சாதாரண லென்ஸுக்கு எட்டாத நுணுக்கத்தைக் காட்டும் லென்ஸ், விரல் நுனி அளவு ஆன்டெனா, அலையைச் சுற்றிப் போகவைத்து ஒரு பொருளையே மறைக்கிற போர்வை. ஒரு நிருபர் லேபுக்கு வந்து, "கட்டினா ஆளே தெரியாத பட்டுப்புடவை நெய்யலாமா மேடம்?" என்று கேட்டார். நெய்தால் எந்த முகூர்த்தத்துக்குக் கட்டுவீர்கள், யார் பார்ப்பார்கள் என்று கேட்டு அனுப்பினேன்.

எங்கள் லேபில் இதைச் செய்தவள் தனலட்சுமி. பிள்ளையார்பாளையத்துப் பெண், வீட்டில் அப்பாவும் அண்ணனும் தறி. ஒப்பந்தத்தில் விரிவுரையாளராக இருந்துகொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். அந்த அட்டைகளை இழை பிசகாமல் அவளே கோத்து, ஒரு முப்பட்டகமாக அடுக்கினாள். லேபில் எல்லோரும் அதை ப்ரிசம் என்போம். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் அதை வைத்து, ஒரு பக்கத்திலிருந்து அலையை அனுப்புவோம். மறுபக்கம் ஒரு நீண்ட கை அரைவட்டமாகச் சுழலும். அதன் நுனியில் அலையை வாங்குகிற கொம்பு, கொம்பிலிருந்து மீட்டருக்கு ஒரு கம்பி. கை வலப்பக்கம் வரும்போது மீட்டர் முள் எழுந்தால் எல்லாப் பொருளையும் போல இதுவும் ஒரு பொருள். இடப்பக்கம் எழுந்தால் சண்டைக்குத் தயாராகலாம்.

முதல் தடவை இடப்பக்கம் முள் எழுந்தபோது லேபே துள்ளியது. துள்ளாதவள் அவள் ஒருத்திதான். எனக்கு முன்னால் அந்த லேபைப் பார்த்துக்கொண்டவர், பழைய ராணுவ ரேடார்களில் வேலை செய்த மனிதர், "முள் எழுந்தா சந்தோஷப்படாதீங்க, எதுக்கு எழுந்துச்சுன்னு சந்தேகப்படுங்க" என்பார். தனலட்சுமி அவரைப் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அதையேதான் செய்தாள். ப்ரிசத்தையே எடுத்துவிட்டு அளந்தாள். அப்போதும் இடப்பக்கம் முள் எழுந்தது. மூலையில் ஒரு இரும்பு பீரோ. தகடுகளின் ஓரமாகக் கசிந்த அலை அதில் பட்டுத் திரும்பி, நாங்கள் எதிர்பார்த்த கோணத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தது. பல மாத வேலையை அவளே குப்பையில் போட்டாள். அலையை விழுங்குகிற கறுப்பு நுரைப் பலகைகளை வாங்கி, பீரோவின் முகத்தை மூடி மாட்டினாள். பிறகு அட்டைகளைப் புதிதாகச் செய்து, மறுபடி கோத்து, மறுபடி அளந்தாள். இந்தத் தடவை ப்ரிசம் இருந்தால் எழுந்தது, எடுத்தால் விழுந்தது. அவளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அந்த முடிவை ஒரு கூட்டத்தில் படித்தாள். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த பேராசிரியர் எழுந்து, இயற்கையில் இல்லாத ஒன்றை அளந்ததாகச் சொல்கிறீர்கள், நான் நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். மெல்லிய குரல், மரியாதையான பேச்சு. அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். அவர்தான் அவளுடைய ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவின் தலைவர் என்று பிறகு தெரிந்தது. அவர் கண்ணால் பார்த்தால் பட்டம். பார்க்காவிட்டால், இல்லாத அளவை எழுதினாள் என்று குறிப்பு, பதிவு ரத்து. அந்தக் குறிப்போடு அவளை எந்த லேப் வாசலிலும் யாரும் ஏற்றமாட்டார்கள். இதை எங்கள் துறைத்தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அவளிடம் அப்படியே சொன்னேன். மறைத்துச் சொல்வது எனக்கு வராது.

பேராசிரியர் வந்தது அக்டோபரில், பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம். காலையிலிருந்தே மழை. குடையை மூலையில் சாத்திவிட்டு, முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு, நேராக மீட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மீட்டரின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. அலை கொடுக்கிற கருவியின் மேலும் ஒன்று. அவர் அதைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம், யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

தனலட்சுமி ப்ரிசத்தை வைத்தாள். விடுமுறைக்கு முன்னால் எந்த அதிர்வெண்ணில் அளந்தாளோ அதே அதிர்வெண். கையை மெதுவாகச் சுழற்றினாள். வலப்பக்கம் முள் அசையவில்லை. நடுவிலும் அசையவில்லை. இடப்பக்கம் வந்தது. அங்கேயும் ஒன்றுமில்லை. செத்த முள்.

மறுபடி சுழற்றினாள். கம்பிகளைக் கழற்றி மாட்டினாள். நான் போய்க் கருவியைத் தட்டிப் பார்த்தேன், அது நன்றாகவே இருந்தது. கடைசியில் பேராசிரியர், போன தடவைக்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல சார். அப்படியேதான் இருக்குது."

"அப்போ எந்த அளவை நான் நம்பணும்?"

துறைத்தலைவர் சட்டென்று எழுந்து, சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் சார், மழையில் கரண்டே சரியில்லை என்று அவரைக் கேன்டீனுக்கு அழைத்துக்கொண்டு போனார். சின்ன காஞ்சிபுரத்து மனிதர், நல்லவர், பயந்தவர். கதவருகே நின்று, பேராசிரியருக்குக் கேட்காத குரலில் என்னிடம், "எப்படியாவது அந்த முள்ளை எழுப்புங்கம்மா" என்றார். அந்த எப்படியாவதை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் நின்று விளக்கவில்லை.

லேபில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மழைச் சத்தம். நான் மெழுகு ப்ரிசத்தைத் தேடி எடுத்தேன். சாதாரண மெழுகை உருக்கி அதே வடிவத்தில் வார்த்தது. கருவிகள் நாணயமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக வைத்திருந்தோம். திரும்பினால் தனலட்சுமி பீரோ முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு கை நுரைப் பலகையின் கொக்கியில் இருந்தது.

"எடுத்தா வந்துடும் மேடம்."

"வரும்."

"அவருக்குத் தெரியாது."

"தெரியாது" என்றேன்.

உண்மையும் அதுதான். அந்தப் பலகை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. லேபில் ஆங்காங்கே கறுப்புப் பலகைகள் இருந்தன, ஒன்று குறைந்தால் யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை. கொக்கியைத் தூக்கினால் போதும், பீரோ அவளுக்குப் பட்டம் வாங்கித் தந்துவிடும். எடுக்காதே என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாழ்க்கை அந்தக் கொக்கியில் தொங்கியது, என் வாழ்க்கை அல்ல. பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டு நியாயம் பேச எனக்கு நாக்கு எழவில்லை. நின்றேன்.

பிறகு அவள், "நான்தானே இதை மாட்டுனேன்" என்றாள். கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். அழுதுவிட்டாள். நானும்தான். இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மெழுகு ப்ரிசத்தைத் தூக்கி வைத்தோம்.

மெழுகுக்கு முள் வலப்பக்கம் எழுந்தது, எழவேண்டிய இடத்தில், எழவேண்டிய அளவில். ஆகவே கருவி சரி, கம்பி சரி, கை சரி. கோளாறு ப்ரிசத்தில். போன மாதம் நன்றாக இருந்த ப்ரிசத்துக்கு இப்போது என்ன வந்தது? திரும்பவும் கேட்டேன். ஒண்ணும் பண்ணல மேடம். கீழே போட்டாயா? இல்ல மேடம். யாராவது தொட்டார்களா? சாவி என்கிட்டதான் மேடம் இருக்குது. மழைத்தண்ணீர் பட்டதா? இல்ல மேடம். எனக்கு வந்த கோபத்தில் மெழுகு உருகியிருக்கவேண்டும். பேராசிரியர் எந்த நிமிஷமும் திரும்பிவிடுவார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவள் பொய் சொல்லவில்லை. என் கேள்விதான் இவளுக்குள் எதையும் தொடவில்லை.

"என்ன பண்ணேன்னு கேக்கலம்மா. இது மேல உன் கை கடைசியா எப்போ பட்டுது?"

"காலையில எடுத்து வச்சப்போ."

"அதுக்கு முன்னாடி?"

"துடைச்சப்போ மேடம்."

"எதைத் துடைச்ச?"

"சந்தனத்தை."

குடித்த டம்ளரைக் கழுவினேன் என்பது போலச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கை தானாக வாய்க்குப் போனது.

ஆயுத பூஜை. மீட்டருக்குப் பொட்டு, கருவிக்குப் பொட்டு, பீரோவுக்கும் பொட்டு. அதெல்லாம் அட்டெண்டர் வைத்தது. பெட்டிமேல் வைத்த பொட்டு உள்ளே ஓடும் அலையை என்ன செய்யும்? ஆனால் ப்ரிசம் அவளுடையது. வீட்டில் தறிக்கு வைப்பது போல, அதற்கு அவளே ஆசை ஆசையாகச் சந்தனம் குழைத்து, வரிசை தவறாமல் இட்டு, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்திருக்கிறாள். மறுநாள் ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்தும்விட்டாள். துடைத்ததுதான் வினை. கரைந்த சந்தனம் அட்டைகளின் இடுக்கில் இறங்கி, வளையங்களின் பிளவில் போய் உட்கார்ந்து காய்ந்துவிட்டது. போதாக்குறைக்கு மழைக்காலம், காய்ந்த சந்தனமும் குங்குமமும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த வளையங்களின் உயிரே அந்தப் பிளவில்தான் இருக்கிறது. அங்கே ஏதாவது அடைத்தால் வளையங்கள் வேலை செய்கிற அதிர்வெண் கீழே இறங்கிவிடும். பழைய அதிர்வெண்ணில் அந்த ப்ரிசம் அலைக்கு வெறும் சுவர்.

கேட்டால் நம்பமாட்டீர்கள், நானும் அந்தப் பூஜையில் சுண்டல் சாப்பிட்டவள்தான். துறைத்தலைவர்தான் கற்பூரம் காட்டினார். நடுவில் என்ன நடந்தது என்று அன்று காலை முழுக்க எங்களை நாங்களே கேட்டுக்கொண்டோம். ஒருத்தர் வாயிலும் பூஜை என்ற சொல் வரவில்லை. எங்கள் மனசில் அது நடந்த காரியங்களின் கணக்கிலேயே இல்லை.

துறைத்தலைவர் பேராசிரியருக்கு முன்பே திரும்பி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. இதை அவரிடம் சொல்லாதீர்கள், சந்தனம் பூசி ஆராய்ச்சி பண்ணுகிறார்கள் என்று ஊரே சிரிக்கும், ஈரப்பதம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம் என்றார். ஈரப்பதம் பொய்யும் அல்ல. நான் ஒரு நொடி தடுமாறினேன். தனலட்சுமி தடுமாறவில்லை. பேராசிரியர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்ததுமே, "சார், காலையில ஒண்ணும் பண்ணலன்னு சொன்னேன். அது தப்பு சார். ஆயுத பூஜைக்கு சந்தனம் வச்சேன், அப்புறம் துடைச்சேன். வளையத்துக்குள்ள போயிருக்குது" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. குடையை மூலையில் சாத்தினார். பிறகு, காரணம் சொல்வது சுலபம், எந்தத் தோல்விக்கும் ஒரு சந்தனம் கிடைக்கும் என்றார். அவர் சொன்னது நியாயம். அட்டைகளைப் பிரித்து, ஸ்பிரிட்டில் கழுவி, உலர்த்தி, மறுபடி கோக்க வாரக்கணக்கில் ஆகும். அவர் சாயங்காலம் சென்னை திரும்பவேண்டும். அதிர்வெண்ணை மேலும் கீழும் திருப்பி இடப்பக்கம் முள் எழுகிற இடத்தைத் தேடிப் பிடிக்கலாம். பிடித்துக் காட்டினால் அதற்கு என்ன மதிப்பு? தேடினால் எங்கேயாவது எதுவாவது எழத்தான் செய்யும்.

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, உங்களைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரச் சொல்கிறேன். நான் அவரிடம் சொன்னேன்: "தேடமாட்டோம் சார். எங்கே வரும்னு அவ முதல்ல சொல்லட்டும். அப்புறம் நீங்க உங்க கையாலயே அளங்க. நாங்க யாரும் தொடமாட்டோம். சொன்ன இடத்துல வரலன்னா நீங்க எழுதவேண்டியதை எழுதுங்க."

சொல்லிவிட்டேன். பணயம் வைத்தது என் பொருளை அல்லவே. தனலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

ப்ரிசத்தின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு அட்டையை உருவினாள். அதை மட்டும் இரண்டு கொம்புகளுக்கு நடுவில் நிறுத்தி, அதன் வளையங்கள் எந்த அதிர்வெண்ணில் அலையை விழுங்குகின்றன என்று அவர் கண்முன்னால் பார்த்தாள். பழைய இடத்தில் இல்லை, கீழே இறங்கியிருந்தது. எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு முழு ப்ரிசமும் இறங்கியிருக்கவேண்டும். ஆனால் எல்லா வளையத்திலும் ஒரே அளவு சந்தனம் இறங்கியிருக்கும் என்று எந்தச் சாமியும் எழுதிக் கொடுக்கவில்லை. காகிதத்தில் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். ஒரு எண்ணைச் சொன்னாள். குரல் நடுங்கியது, எண் நடுங்கவில்லை. அட்டையைத் திரும்பச் செருகிவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

பேராசிரியர் அந்த எண்ணுக்குக் கருவியைத் திருப்பினார். சுழலும் கையைப் பிடித்தார். கரண்ட் போனது.

துறைத்தலைவர் பெருமாளே என்றார். ஜன்னல் வெளிச்சம் மட்டும். பேராசிரியர் மீட்டரின் நெற்றியில் இருந்த பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் சிவப்பு ஒட்டியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க லேப்லயும் வைப்போம்" என்றார்.

கரண்ட் வந்தது. கருவி சூடாகி நிதானத்துக்கு வரும் வரைக்கும் காத்திருந்தோம். அவர் வலப்பக்கக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. இடப்பக்கம் நுழைந்தார். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கைச் சக்கரம் உராய்கிற சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் நின்றது. தனலட்சுமி மூச்சை இழுத்ததுதான் என் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தால், முள் எழுந்து நிற்கிறது. பழைய உயரம் இல்லை, சந்தனம் கொஞ்சம் தின்றிருந்தது. ஆனால் இடப்பக்கம், அவள் சொன்ன எண்ணில், நின்றது.

அவர் மறுபடி சுழற்றினார். ப்ரிசத்தை எடுத்துவிட்டுச் சுழற்றினார், மெழுகை வைத்துச் சுழற்றினார். எல்லாம் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்தது. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்து, அந்த பீரோவுக்கு மட்டும் ஏன் கறுப்புச் சட்டை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். தனலட்சுமி போய்க் கொக்கியைத் தூக்கிப் பலகையை இறக்கினாள். மெழுகையும் எடுத்துவிட்டாள். காலி மேஜை, ப்ரிசம் இல்லை. கையை இடப்பக்கம் கொண்டுபோனாள். முள் ஜம்மென்று எழுந்து நின்றது.

அவர் முள்ளைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் சாப்பிடப் போயிருந்தப்பவும் இது மாட்டித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

அன்றைக்கு அவர் அவளிடம் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். அவளுக்குப் பட்டம் கிடைத்தது. சந்தனத்தால் அதிர்வெண் இறங்கிய கதையையும் ஒரு அத்தியாயமாக எழுதச் சொன்னார், எழுதினாள். வளையத்தில் ஒட்டுகிற துளிப் பொருளைக்கூட அந்த இறக்கத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று அந்த அத்தியாயத்திலிருந்தே அவளுடைய அடுத்த வேலை கிளைத்தது. அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு ப்ரிசத்தைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, பெட்டிக்குப் பொட்டு வைத்தோம். இதையெல்லாம் சொல்லி இந்தக் கதையைச் சந்தோஷமாக முடித்துவிடலாம். முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவரை வழியனுப்ப நானும் தனலட்சுமியும் வராந்தாவில் நின்றோம். மழை விட்டபாடில்லை. கார் வரவேண்டும். அவர் விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். எப்போதோ போய்விட்டது, ஆனாலும் துடைத்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"என்கிட்ட ஒரு பையன் இருந்தான், ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. வேற வேலை, இது இல்ல. செப்டம்பர்ல வந்த அளவு நவம்பர்ல வரல. என்னப்பா பண்ணேன்னு கேட்டேன். ஒண்ணும் பண்ணல சார்னான். எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொன்னான். நான்தான் கையெழுத்துப் போட்டு அவனை வெளிய அனுப்பினேன்."

கார் வந்தது. நான் குடையைப் பிடித்தேன். ஏறி உட்கார்ந்தவர் கதவைச் சாத்தவில்லை. "எங்க லேப்ல நான்தான் கற்பூரம் காட்டுவேன்" என்றார். பிறகு சாத்திக்கொண்டார்.

கார் வாசலைத் தாண்டித் திரும்பும் வரை நின்றுகொண்டிருந்தோம். தனலட்சுமிதான் கேட்டாள்: "அந்தப் பையன் இப்போ எங்க இருக்காரு மேடம்?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.